சுடாத வெளிச்சம்

ஜன்னல் கம்பியும் இரும்பு கேட்டும் செய்கிற அந்தப் பட்டறையில் அளவெடுப்பது, அறுப்பது, வாய் ஓயாமல் பேசுவது மூன்றும் புருஷனின் வேலை. பற்றவைப்பது அவள். தெருவுக்கே அவள் ‘வெல்டிங் அக்கா’. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். வயது முப்பத்திரண்டு. அவள் பற்றவைத்த இடத்தை உடைக்கப் பார்த்தால் கம்பிதான் முறியும், பற்று அசையாது.

இரண்டு வருஷத்துக்கு முன் ஐந்தாம் மாதத்தில் ஒரு குழந்தை தங்காமல் போயிற்று. கருப்பையின் வாய் பலவீனம் என்றார்கள். அடுத்ததற்கு முயல்வதற்கு முன் எதற்கும் ஒரு சோதனை எடுத்துவிடலாமே என்று போனாள். அங்கே அதே இடத்தில் புற்றுநோய் தொடங்கியிருந்தது தெரிந்தது.

“ரொம்ப ஆரம்பம்தான்மா. மேல்தோலோட நிக்குது, உள்ள எறங்கல” என்றார் டாக்டரம்மா. “வழக்கமா அந்த எடத்தை வெட்டி எடுத்துடுவோம். உங்களுக்கு ஏற்கெனவே கருப்பை வாய் குட்டை. இன்னும் வெட்டினா அடுத்த குழந்தை தங்கறது கஷ்டம்.”

“புள்ளை கெடக்கட்டும். இவ இருந்தா போதும், வெட்டிடுங்க” என்றான் புருஷன்.

டாக்டரம்மா அவளைப் பார்த்தார். “இன்னொரு வழி இருக்கு. எல்லாருக்கும் சரிப்படாது, இன்னும் ஆராய்ச்சியாத்தான் செய்யறோம். வெளிச்சத்தால செய்யற வைத்தியம்.”

வெளிச்சம் என்றதும் அவள் நிமிர்ந்தாள். பதினைந்து வருஷமாக வெளிச்சத்தோடு குடித்தனம் நடத்துகிறவள். முகக்கவசம் இல்லாமல் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டால், கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டதுபோல் பொழுதுக்கும் உறுத்தும் என்பது தெரியும். அது மருந்தாகும் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

“சுட்டு எடுப்பீங்களா டாக்டர்?”

“சுடாது. முதல்ல ஒரு மருந்தை ஊசியில ஏத்துவோம். நல்ல தசை அதைச் சீக்கிரம் கழிச்சுடும், தோலுக்குத்தான் கொஞ்ச நாளாகும். கெட்டது மட்டும் விடாம பிடிச்சு வெச்சுக்கும். ரெண்டு நாள் கழிச்சு அங்க செவப்பு வெளிச்சம் காட்டுவோம். மருந்தும் வெளிச்சமும் சேர்ந்தாத்தான் வேலை நடக்கும். தனித்தனியா ரெண்டும் சாது.”

“சரிப்படலேன்னா?”

“வெட்டித்தான் ஆகணும். நாள் கடத்த மாட்டேன்.”

அந்தப் பேச்சு அவளுக்குப் பிடித்தது. சரி என்றாள்.

ஊசி போட்டு இரண்டாம் நாள், முகத்தையும் கையையும் துணியால் மூடி அவளை அழைத்துப்போனார்கள். சிகிச்சை அறையில் எல்லோரும் கண்ணாடி மாட்டிக்கொண்டார்கள். அவளுக்கும் ஒன்று கொடுத்த நர்ஸிடம், “இது இந்த வெளிச்சத்துக்கு ஏத்த கண்ணாடிதானே?” என்று கேட்டாள்.

“இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை” என்று நர்ஸ் சிரித்து, பெட்டியில் எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினாள்.

முதலில் நீல வெளிச்சம் காட்டினார்கள். “திரையைப் பாருங்க” என்றார் டாக்டரம்மா. நீலமும் கருமையுமாக இருந்த படத்தின் ஓரத்தில், அரிசி அகலத்துக்கு ஒரு இடம் கங்குபோல் சிவந்து கிடந்தது. யாரும் தேடவில்லை, யாரும் தொடவில்லை. ஒளிந்திருந்தது தானே வந்து ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று கை தூக்கியதுபோல் இருந்தது. அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

பிறகு நூல் கனத்தில் ஒரு கண்ணாடி இழை உள்ளே போயிற்று. சத்தமில்லை, பொறியில்லை, புகையில்லை. இருபது நிமிஷம் அடிவயிற்றில் லேசான இழுப்பு, அவ்வளவுதான். எழுந்து உட்காரச் சொன்னபோது, “இன்னும் ஆரம்பிக்கலையே?” என்றாள்.

மருந்து தோலிலிருந்து முழுசாகக் கழிய நாலைந்து வாரம் ஆகும். அதுவரை வெயில் ஆகாது, பட்டறைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவே கூடாது. நாத்தனார் வந்து ஜன்னலுக்கெல்லாம் தடித்த திரை தைத்து மாட்டினாள். வெல்டிங் வேலை புருஷன் தலையில் விழுந்தது. அவள் மங்கலான அறையில், பட்டறையை ஒட்டிய சுவரில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

“என்னங்க, ராடை ரொம்பத் தூரமா பிடிக்கிறீங்க. சத்தம் சிதறுது.”

“செவுத்துக்கு அந்தாண்ட இருந்துகூட குத்தம் கண்டுபிடிக்கிறாளே” என்று அவன் தெருவுக்கே கேட்கிறமாதிரி அலுத்துக்கொள்வான். அடுத்த பற்று நேராக விழும்.

நாலாம் வாரம், டாக்டரம்மா சொல்லியிருந்தபடி, ஒரு காகிதப் பையில் காசளவு ஓட்டை போட்டு, கையை அதற்குள் விட்டுத் திரைக்கு வெளியே பத்து நிமிஷம் வெயிலில் நீட்டினாள். மறுநாள் புறங்கையில் வட்டமாகச் சிவந்திருந்தது. மருந்து இன்னும் இருக்கிறது என்று அர்த்தம்.

நாத்தனார் பதறினாள். அவளோ அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓட்டைக்கு நேரே இருந்த தோல் மட்டும் சிவந்திருந்தது; ஒரு நூலிழை தள்ளி, அதே மருந்து ஓடுகிற தோல் ஒன்றும் அறியாததுபோல் இருந்தது. கண்ணுக்கெட்டாத இடத்தில் அன்றைக்கு நடந்ததும் இதுதானே. எத்தனையோ கோடி மைல் தாண்டி வருகிற வெயில், தன் கைக்கு வந்து எல்லை பார்த்து நின்றிருக்கிறது. அவள் அந்த இடத்தை விரலால் தடவக்கூடத் தயங்கினாள்.

ஆறாம் வாரம் கை சிவக்கவில்லை. மூன்றாம் மாதம் திரும்பச் சோதனை.

“எங்க இருந்துச்சுன்னு காட்டுங்க டாக்டர்.”

“அதைத்தான் நானும் தேடிட்டிருக்கேன்” என்றார் டாக்டரம்மா. திரையில் ஒரே சீரான இளஞ்சிவப்பு. தழும்பில்லை, வெட்டில்லை. எடுத்துச் சோதித்த தசைத் துணுக்கும் சுத்தம் என்று அடுத்த வாரம் தெரிந்தது. “ஆனா விட்டுட முடியாது. சொல்ற தேதிக்கெல்லாம் வந்து காட்டிட்டே இருக்கணும்.”

ஒன்றரை வருஷமாக அவள் ஒரு தேதியும் தவறவிடவில்லை. இதுவரை எல்லாம் சுத்தம். குழந்தைக்கு முயலலாம் என்று அனுமதியும் கிடைத்துவிட்டது. இன்னும் உண்டாகவில்லை, அதற்காக அவள் அவசரப்படவும் இல்லை.

“அப்படி என்னதான் பண்ணினாங்க உனக்கு?” என்று நாத்தனார் ஒருநாள் பட்டறைக்கு வந்து கேட்டாள். அவள் சொல்லிப் பார்த்தாள். நீலம், கங்கு, நூல் என்று ஆரம்பித்து எங்கோ சிக்கிக்கொண்டது.

“விடுங்க அண்ணி. நீங்க கடைசியா சோதனை எடுத்தது எப்போ?”

“நான் எதுக்கு எடுக்கணும்? எனக்கு ஒண்ணுமில்லையே.”

“எனக்கும் ஒண்ணுமில்லேன்னுதான் போனேன்” என்றாள். கையுறையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, “வாங்க, போயிட்டு வந்துடலாம்” என்று செருப்பைத் தேடினாள்.