வெட்டப்பட்ட மேடு

சங்கரபாண்டியன் சார் இறந்த செய்தி கல்லூரி வாட்ஸப் குழுவில் வந்தது. கும்பிடும் கைகள் வரிசையாக விழுந்தன. இரண்டு செய்தி தள்ளி, நிர்வாகம் இந்த ஆண்டுச் சேர்க்கைக்கான விளம்பரத்தைப் போட்டது. அதற்கும் சிலர் கும்பிட்டார்கள்.

அவரிடம் ஆன்டெனா பாடம் படித்த உங்களுக்குத் தெரியும், நம் கோவில்பட்டிக் கல்லூரியில் அதற்கான அளவீட்டு அறை கிடையாது. பின்பக்கத்தில் தரிசாகக் கிடக்கும் கரிசல் காடுதான் அவருடைய ஆய்வுக்கூடம். இரும்பு பக்கத்தில் இருந்தால் அலை அதில் பட்டுத் திரும்பி அளவைக் கெடுக்கும். அதனால் தீப்பெட்டி ஆலையில் கழித்துப்போட்ட மரச்சட்டங்களில் ஆணியைப் பிடுங்கிவிட்டு, சணல் கயிற்றால் கட்டி, ஆன்டெனாவை நிறுத்த ஸ்டாண்டு செய்வார். எங்கள் செல்போன்களை ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டு வேப்பமரத்தடிக்கு அனுப்பிவிடுவார். "வீட்டுல இருந்து கூப்பிட்டா வாளி பேசிக்கிடும்" என்பார்.

நான் அவருடைய ஆய்வு மாணவன், அதே துறையில் உதவிப் பேராசிரியர். ஒரு கார்த்திகை மழைக்கு மறுநாள் தனியாக அளந்தேன். ஆன்டெனாவைப் பத்துப் பத்து டிகிரியாகத் திருப்பி, எந்தத் திசையில் அலை எவ்வளவு வலுவாகப் போகிறது என்று குறிக்க வேண்டும். போகக் கூடாத பக்கத்தில் வரைபடக் கோடு மேடாக எழும்பியது. சேற்றில் ஸ்டாண்டின் கால் இறங்கியிருந்தது. சாய்ந்ததால் வந்த மேடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, கம்ப்யூட்டரில் அதை வெட்டினேன். மறுபடி அளந்து பார்த்துவிட்டதாகச் சாரிடம் பொய் சொன்னேன். அந்த வரைபடத்தோடு எங்கள் கட்டுரை ஓர் ஆய்விதழில் வெளியானது. அதை அனுப்பும் முன்பே, அந்தக் காட்டில் கால்கூட வைக்காத தாளாளர் மகனின் பெயரையும் சேர்க்கச் சொன்னார்கள். சார் முகம் சுளித்தார், ஆனாலும் சேர்த்தோம்.

சித்திரையில் மண் வெடித்துக் காய்ந்து கிடந்தபோது, வேறு வேலைக்காகச் சார் அதே ஆன்டெனாவை அளந்தார். ஸ்டாண்டு அசையாமல் நின்றது. மேடு அப்படியே எழும்பியது.

"ஏலே, இது மழைக்கும் இருந்திருக்கும்லா? எங்க போச்சு?"

"வெட்டிட்டேன் சார்."

"வெட்டிப் போடுததுக்கு நாம எதுக்குலே வெயில்ல நிக்கணும்?" என்றார். அதற்குப் பதில் அறைந்திருக்கலாம்.

கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக ஆய்விதழுக்குக் கடிதம் எழுதினார். தாளாளர் எங்கள் இருவரையும் அழைத்தார். கல்லூரிக்கு அங்கீகாரம் தரும் குழு பார்வையிட வரவிருந்த நேரம். "ஒரு கோடுதான சார், எவன் வந்து பாக்கப் போறான்?"

"நான் பாத்துட்டேன்லா" என்றார் சார்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'என் பொறுப்பில் நடந்த பிழை' என்றுதான் கடிதத்தில் இருந்தது. என் வீட்டில் கைக்குழந்தை இருப்பது அவருக்குத் தெரியும். அவர் என் பெயரைச் சொல்லவில்லை, நானும் வாய் திறக்கவில்லை.

அடுத்த மாதமே அவரை மாணவர் சேர்க்கை வேலைக்கு விளாத்திகுளம் பக்கம் அனுப்பினார்கள். மிளகாய்க் காட்டு வரப்பில் நோட்டீஸ் கட்டோடு அலைந்த பேராசிரியரை நினைத்துப் பாருங்கள். அவர் நாற்காலியில் துறைத்தலைவராக என்னை உட்காரச் சொன்னார்கள். வெட்கமில்லாமல் உட்கார்ந்தேன்.

இப்போது கல்லூரி வாசலில் பிளக்ஸ் வைத்திருக்கிறார்கள். தாளாளர் படம் பெரிது, சார் படம் சிறிது. பின்னணியில் அலங்காரத்துக்கு ஒரு வரைபடம். நான் மேட்டை வெட்டிய அதே கோடு. அஞ்சலிக் கூட்டத்தில் தாளாளர், "அவிய ஆராய்ச்சியில செஞ்ச ஒரே தப்பைக்கூட நாங்க பெருசா எடுக்கல" என்றார். கை தட்டினார்கள். பக்கத்து நாற்காலியில் நான் மாலையோடு உட்கார்ந்திருந்தேன். அந்த ஆளை நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது. என்னை நினைத்தால் அதைவிட.

சாருடையது என்று என்னிடம் இருப்பது, சித்திரையில் அவர் கையால் வரைந்த வரைபடத்தாள் மட்டும்தான். மேட்டின் மேல் சிவப்புப் பென்சில் வட்டம், ஓரத்தில் கரிசல் படிந்த விரல் தடம். இன்று காலை அதைத் துறையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். கீழே 'தப்பு சாருடையது அல்ல, மேட்டை வெட்டியவன் நான்' என்று எழுதி, பெயரும் பதவியும் போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறேன்.