கயல் கேட்ட பல் கவசம்

இன்று காலை குடவாசல் பஸ்ஸில் கயல்விழியைப் பார்த்தேன். மூன்று வருடம் முன்பு எங்கள் பள்ளிக் கபடி அணியில் அவள்தான் சிறந்த ரைடர். நான் அவளுடைய பி.டி. டீச்சர்.

துப்பட்டாவால் வாயை மறைத்துக்கொண்டே, "நல்லா இருக்கீங்களா மிஸ்?" என்றாள்.

அந்த வருடம் போனில் பல்லில் மாட்டும் ஒரு மவுத் கார்டைக் காட்டி, "வாங்கிப் போட்டுக்கவா மிஸ்?" என்று கேட்டாள்.

"அதை மாட்டிக்கிட்டா எப்படிம்மா 'கபடி கபடி'ன்னு பாடுவ? வேணாம்" என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த வாரம் மேட்சில் எதிரணிப் பெண்ணின் முழங்கால் அவள் முகத்தில் இடித்தது. முன்பற்கள் இரண்டும் மண்ணில் கிடந்தன. பல்லைப் பாலில் போட்டு உடனே டாக்டரிடம் ஓடினால் திரும்பப் பொருத்தலாம் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. கைக்குட்டையில் முடிந்து வைத்தேன்.

அதன்பின் அவள் ஆடவே இல்லை.

இன்று பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து என் கையில் வைத்தாள். உள்ளே புது மவுத் கார்டு.

"தங்கச்சி இப்ப உங்க டீம்லதான் ஆடுறா. வெந்நீர்ல போட்டுக் கடிச்சா பல்லுக்குப் படிஞ்சிரும். போட்டுக்கச் சொல்லுங்க மிஸ். நீங்க சொன்னாதான் கேப்பா."

அக்காவும் நான் சொன்னதைக் கேட்டவள்தான்.

உங்கள் பிள்ளையின் பி.டி. மிஸ் எதையாவது வேண்டாம் என்றால், ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எங்களுக்கு எல்லாம் தெரியும் என்று யார் சொன்னது?