பக்கத்து இருக்கை ஆசிரியை

"மெதுவா... மெதுவா... அந்த சைக்கிள்காரர் நமக்கு ஒரு கெடுதலும் பண்ணலையே சார்!" என்று சொல்லிவிட்டு, எனக்கு வண்டி ஓட்டச் சொல்லித்தரும் ஆசிரியை பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்து வாயில் போட்டுக்கொள்கிறார். வண்டியை ஓட்டுவது நான். நான் ஓட்டும் வண்டியில் உட்கார்ந்து ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் தேநீர் குடிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. என் மனைவி ஒரே ஒரு தடவை என்னோடு வந்துவிட்டு, அடுத்த தடவை பஸ்ஸில் வருவதாகச் சொல்லிவிட்டாள்.

டிரைவிங் ஸ்கூலில் இவருக்குப் பெயர் 'மெதுவா அக்கா'. யார் வைத்தது என்று தெரியாது. வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். நாற்பதைத் தாண்டியவர். குள்ளமான உருவம், இறுக்கி முடிந்த கொண்டை. ஜன்னல் பக்கத்துக் கை மட்டும் வெயில் பட்டுப் பட்டு இன்னொரு கையைவிடக் கறுத்திருக்கும். வண்டியின் முன்பெட்டியில் ஓர் ஈரத்துணி, இருமல் மிட்டாய், துவைத்து மடித்த கைக்குட்டை. கைக்குட்டை அவருக்கல்ல. "கத்துக்க வர்றவங்க அழுவாங்க சார். ஆம்பளைங்கதான் ஜாஸ்தி" என்றார். நான் அழவில்லை என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

திட்டவே மாட்டார். கோபம் வந்தால் மரியாதை கூடும். "கொஞ்சம் தயவு பண்ணி கிளட்சை மிதிக்கிறீங்களா?" என்று கேட்டால், வண்டி எதன் மேலோ ஏறப்போகிறது என்று அர்த்தம். அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு என்பதால்தான் நானும் சில சைக்கிள்காரர்களும் இன்றைக்கு உயிரோடு இருக்கிறோம்.

படித்தது இயற்பியல். அது அவரைவிட்டுப் போகவில்லை. வளைவில் கொஞ்சம் வேகமாகத் திரும்பிவிட்டால் உடனே ஓரம் கட்டச் சொல்வார். டாஷ்போர்டின் மேல் தண்ணீர் பாட்டிலைப் படுக்க வைத்து, "இப்ப அதே மாதிரி திரும்பினா இது எந்தப் பக்கம் உருளும், சொல்லுங்க" என்பார். பதில் சொன்னால்தான் வண்டி நகரும். கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவனுக்குப் பரீட்சை வைக்கிறாரே என்று ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக இருந்தது. போகப் போக, பதில் தெரிந்த அன்று நானே வேண்டுமென்று வேகமாகத் திரும்ப ஆரம்பித்தேன்.

போன வருடம் அவர் மகள் படிக்கும் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை பிரசவத்துக்காக விடுப்பில் போனார். மாற்று ஆள் கிடைக்காமல் தலைமையாசிரியை இவரைக் கூப்பிட்டார். காலையில் வகுப்பு, மாலையில் வண்டி என்று ஓடினார். "பின் பெஞ்சுல ஒரு பொண்ணு எந்திரிச்சு, 'ஏன் மிஸ்?'னு கேக்கும் பாருங்க... நெஞ்சுக்குள்ள ஜில்லுனு ஆயிரும் சார்" என்று அதை இப்போதும் சொல்வார். விடுப்பு முடிந்து அந்த ஆசிரியை வந்ததும் இவர் முழு நேரமும் வண்டிக்கே திரும்பினார். நிரந்தரமாக வகுப்பில் நிற்க ஆசிரியர் உரிமம் வேண்டும்; அதற்குப் பட்டதாரிகளுக்கென்று ஒரு வருடப் படிப்பு இருக்கிறது. படித்து முடித்துவிட்டு வாருங்கள், இடம் இருக்கிறது என்றார் தலைமையாசிரியை.

"ஊருக்கெல்லாம் லைசென்ஸ் வாங்கிக் குடுக்கிறவளுக்கே லைசென்ஸ் இல்லையாம்!" என்று கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். இவரும் கூடச் சிரித்தார். சிரித்துவிட்டு மறுநாளே விண்ணப்பத்தைத் திறந்துவிட்டார்.

விண்ணப்பம் முழுவதும் என் வண்டிப் பாட நேரத்தில்தான் நிரம்பியது. இந்தப் படிப்பில் ஏன் சேர விரும்புகிறீர்கள் என்று விரிவாக எழுத வேண்டும். அதற்குத் தனியாக நேரம் ஏது? போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு இவர் சொல்லச் சொல்ல, அது எழுதிக்கொண்டே வந்தது. வீட்டுக்குப் போய் மகள் படித்துக் காட்டினாளாம்: "மாணவர்களின் மனத்தில் கேள்வி கேட்கும் ஆர்வத்தை வளர்ப்பதே என் லாரி லாரி லாரி வருது இடது பக்கம் ஒடிங்க." அப்படியே அனுப்பிவிடச் சொன்னேன். என் வண்டியில் உட்கார்ந்து எழுதியதற்கு ஓர் அடையாளம் இருக்கட்டுமே! கேட்கவில்லை.

ஆனால் வேறு விதத்தில் நான் உள்ளே நுழைந்தேன். இவர் கற்பித்ததை நேரில் பார்த்த ஒருவர் பரிந்துரைக் கடிதம் தர வேண்டும் என்று இருந்தது. தலைமையாசிரியையின் கடிதம் போக இன்னொன்று. என்னிடம் கேட்டார். ஓட்டுநர் தேர்வில் இரண்டு தடவை தோற்றவன் நான். முதல் தடவையே பாஸ் பண்ணினவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்களே என்றேன்.

"அவங்களுக்கு நான் என்ன சொல்லிக் குடுத்தேன்? அதுவா வந்துருச்சு. உங்களுக்குத்தான் சார் நான் நெஜமாவே சொல்லிக் குடுத்திருக்கேன்."

இப்படி ஒரு பாராட்டை யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள். உட்கார்ந்து மனசார எழுதிக் கொடுத்தேன்.

அடுத்து மாதிரி வகுப்பு. தேர்வாளர்கள் மூன்று பேர் பின்னால் உட்கார்ந்திருக்க, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உராய்வைப் பற்றி நடத்த வேண்டும். இவர் உள்ளே போனார், வணக்கம் சொன்னார், நேராகப் போய் முதல் பெஞ்சில் ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்தே சொல்லிக் கொடுத்த உடம்பு, பதற்றத்தில் பக்கத்து இடத்தைத் தேடிப் போய்விட்டது. தான் செய்தது புரிந்ததும், எழுந்தால் இன்னும் அசிங்கம் என்று, எல்லாப் பிள்ளைகளோடும் சேர்ந்து காலிக் கரும்பலகையைப் பார்த்தபடியே பாடத்தை ஆரம்பித்தாராம். "செருப்பைக் கழட்டிட்டு எல்லாரும் தரையைத் தேய்ங்க" என்றிருக்கிறார். வகுப்பு ஒரே ரகளை. நிற்கவில்லையே ஏன் என்று ஒரு தேர்வாளர் கேட்டதற்கு, "நின்னுக்கிட்டு சொல்லிக் குடுத்துப் பழக்கமில்லைங்க, பழகிக்கிறேன்" என்று உண்மையைச் சொல்லிவிட்டு வந்தார். போச்சு என்றுதான் நானும் நினைத்தேன். இடம் கிடைத்துவிட்டது.

இடம் கிடைத்த சந்தோஷம் கட்டண விவரம் வரும் வரைதான். ஆசிரியர் இல்லாத பள்ளிகளில் சில வருடம் வேலை பார்ப்பதாகக் கையெழுத்துப் போட்டால் பாதிக் கட்டணம் தள்ளுபடி, யோசிக்காமல் போட்டார். மீதிப் பாதிக்கு வங்கியில் கேட்டால் சம்பளச் சான்று கேட்டார்கள். இவருடைய டிரைவிங் ஸ்கூல் முதலாளி சம்பளத்தைக் கையில் கொடுப்பதோடு சரி.

வீட்டில் பணம் இல்லாமல் இல்லை. அது காருக்கு வைத்த பணம். லிஃப்ட் பழுது பார்க்கும் கணவர், ஓய்வுபெற்ற ஒரு பல் டாக்டரின் வெளிர்நீலக் காருக்கு விலை பேசி வைத்திருந்தார். சொந்த வண்டி, சொந்த டிரைவிங் ஸ்கூல், மனைவிதான் முதலாளி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய் அந்தக் காரைப் பார்த்துவிட்டு வருவார். "கார் வாங்கினா நீ ஓனர். படிச்சா மறுபடியும் ஒருத்தர்கிட்ட சம்பளக்காரி" என்றார். அதில் தப்பு சொல்ல என்ன இருக்கிறது? இவரும் தப்பு என்று சொல்லவில்லை. கட்டணம் கட்டும் பக்கத்தைப் போனில் திறப்பார், மூடுவார், "மெதுவா சார்" என்பார். அப்போது நான் சிக்னலில் நின்றுகொண்டிருப்பேன்.

டாக்டர் பதில் கேட்ட நாளும், கட்டணம் கட்டக் கடைசி நாளும் ஒன்றாகவே வந்து தொலைத்தன. அன்று மாலைப் பாடத்தில் டாக்டர் வீட்டுக்கு ஓட்டச் சொன்னார். கணவர் அங்கே எங்களுக்கு முன்பே வந்து, காரைச் சுற்றிச் சுற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு தடவை உக்காந்து பாத்துடு. அப்புறம் நீ எதுக்குக் கட்டினாலும் சரி. எனக்காகன்னு யோசிக்காத" என்று சாவியை நீட்டினார்.

இவரை ஓட்டுநர் இருக்கையில் அன்றுதான் பார்த்தேன். இருக்கையை முன்னுக்கு இழுத்தார். பின்னால் பார்க்கும் கண்ணாடியைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டார். ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தார். அவ்வளவு பொருத்தமாக இருந்தது. துடைக்கிற துணியோடு கணவர் நின்ற நிலையைப் பார்த்து, காரையே வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இவர் போனில் படிப்புக் கட்டணப் பக்கத்தைத் திறந்து, கண்ணை ஒரு தடவை மூடித் திறந்து, அழுத்திவிட்டார்.

"போயிருச்சா?" என்றார் கணவர்.

"போயிருச்சுங்க."

"ம். சரி டீச்சர், நான் போய் டாக்டர்கிட்ட சொல்லிட்டு வந்துடுறேன்" என்று துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறினார்.

அவர் தலை மறைந்த பிறகும் இவர் இறங்கவில்லை. டாக்டர் நல்ல உயரமாம். இருக்கையைப் பின்னுக்குத் தள்ளினார். கண்ணாடியை மேலே தூக்கி, கொஞ்சம் எக்கிப் பார்த்து, டாக்டரின் கண்ணுக்குச் சரியாக வரும்படி மறுபடி திருப்பி வைத்துவிட்டு, இறங்கிக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.