சிலிண்டர் வாங்கி வைத்தவள்

பேய், காத்து கருப்பு என்று யாராவது பேச ஆரம்பித்தாலே எனக்குச் சிரிப்பு வந்துவிடும். புதுக்கோட்டை டவுனைத் தாண்டி இருக்கும் எங்கள் நகருக்கு நலச்சங்கச் செயலாளர் நான்தான். தெருவிளக்கு எரியவில்லையா, குப்பை வண்டி வரவில்லையா, எல்லாவற்றுக்கும் என் போன்தான் அடிக்கும். கடைசித் தெருக் காலி மனையில் யாரோ சலங்கை கட்டி நடக்கிறார்கள் என்று பெண்கள் பயந்தபோது, நானே போய்க் கருவேல முள்ளில் சிக்கியிருந்த ஆட்டு மணியைக் கழற்றி வந்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ போட்டேன். அப்படிப்பட்ட ஆள் சொல்கிறாளே என்றாவது முழுசாகக் கேளுங்கள். அப்புறம் நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். மகள் காவ்யா அப்போது காலேஜ் லீவில் வந்திருந்தாள். குளத்தூரில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. கேஸ் தீர்ந்துபோய் சிலிண்டருக்குப் புக் பண்ணியிருந்தேன், அது என்றைக்கு வருமோ என்று கரன்ட் அடுப்பில் காபி மட்டும் போட்டுக் குடித்துவிட்டுக் கிளம்பினோம். கதவைப் பூட்டி, வெளியே கிரில் கேட்டில் தொங்குபூட்டைப் போட்டு இழுத்துப் பார்த்து, இரண்டு சாவியையும் என் கைப்பையில்தான் வைத்தேன். அதில் சந்தேகமே இல்லை. காதுகுத்து வீட்டு மைக் செட் சத்தத்தில் போனைப் பையிலிருந்து எடுக்கக்கூட இல்லை.

வெயில் தாழ்வதற்குள் திரும்பிவிட்டோம். பூட்டு போட்டது போட்டபடி தொங்கியது. திறந்து உள்ளே போனோம். காவ்யா தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனவள் அங்கிருந்தே கத்தினாள்.

"அம்மா, சிலிண்டர் வந்துருச்சும்மா!"

"எங்கிட்டுடீ வந்துருக்கு? வாசல்ல ஒண்ணும் காணமே."

"இங்க, அடுப்புக்குக் கீழ. மாட்டியே இருக்கு."

விளையாடுகிறாள் என்றுதான் நினைத்தேன். போய்ப் பார்த்தால் காலி சிலிண்டர் இல்லை. புதுசு நிற்கிறது, சீல் பிரித்து ரெகுலேட்டரும் மாட்டியிருக்கிறது. அடுப்பைப் பற்றவைத்தேன், நீலமாக எரிந்தது. உடனே சிலிண்டர் போடும் முருகேசனுக்குப் போன் போட்டேன். எங்கள் தெருவுக்கு வருஷக்கணக்காக அவர்தான் வருகிறார்.

"முருகேசு, சிலிண்டர யாருகிட்டப்பா குடுத்த?"

"ஒங்க தங்கச்சிகிட்டதாங்க்கா. அவுங்கதான் உள்ள கொண்டாந்து மாட்டிக் குடுங்கன்னாங்க."

"எனக்கு ஏதுப்பா தங்கச்சி?"

"ஒங்க சாடையிலதாங்க்கா இருந்தாங்க. தலைக்குக் குளிச்சுத் துண்டு சுத்தியிருந்தாங்க. ஓ.டி.பி. நம்பரும் அவுங்கதான் சொன்னாங்க."

அந்த நம்பர் வந்தால் என் போனுக்குத்தான் வரும். எடுத்துப் பார்த்தேன். மெசேஜ் வந்திருக்கிறது, யாரும் திறந்து பார்க்கவில்லை. நம்பரைச் சொல்லாமல் சிலிண்டரை டெலிவரி ஆனதாக முடிக்க முடியாது, ஆனால் முடிந்துவிட்டதாகவும் அடுத்த மெசேஜ் நிற்கிறது. காவ்யா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். பீரோவைத் திறந்து பார்த்தோம். நகை, துணி, எதுவும் கலையவில்லை.

விஷயம் தெருவில் பரவ எவ்வளவு நேரமாகும்? சங்கத் தலைவர் ராமையா சார் வந்துவிட்டார். "அந்த முருகேசன் கள்ளச்சாவி வச்சிருக்கான்மா. ஆம்பளத் தொணை இல்லாத வீடுன்னு நோட்டம் விட்டுருக்கான். ஏஜென்சியிலயும் ஸ்டேஷன்லயும் எழுதிக் குடுத்துருவோம்" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. உள்ளதைச் சொன்னால், அப்படி இருந்துவிட்டால் பரவாயில்லை என்றுகூட இருந்தது.

முருகேசன் வண்டியைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். கேட்டுக்கு உள்ளே கால் வைக்கவில்லை. "ரெண்டு புள்ளைக இருக்குக்கா. இந்த வேல போச்சுன்னா நான் எங்கிட்டுப் போவேன்?" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

எதிர்வீட்டு ஜமீலா அக்காதான், "எழுதுறதுக்கு முன்னாடி எங்க வீட்டுக் கேமராவப் பாத்துருவோமே" என்றார்கள். அவர்கள் வீட்டுக்காரர் கோட்டைப்பட்டினத்தில் மீன் வியாபாரம் பார்க்கிறவர், பாதி நாள் ஊரில் இருக்கமாட்டார், அதனால் கேமரா வைத்திருந்தார்கள். அதில் எங்கள் வாசல் நேராகத் தெரியும். எல்லோரும் அவர்கள் ஹாலில் உட்கார்ந்து பார்த்தோம்.

சிலிண்டர் வண்டி வருகிறது. முருகேசன் இறங்குவதற்கு முன்னாலேயே எங்கள் கிரில் கேட் பாதி திறந்துதான் இருக்கிறது. அவர் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு வாசற்படிக்குப் போகிறார், கதவும் திறந்திருக்கிறது, உள்ளே ஒரே இருட்டு. யாரிடமோ பேசுகிறார், தலையாட்டுகிறார், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறார். கொஞ்ச நேரத்தில் காலி சிலிண்டரோடு வெளியே வந்து அதைக் கீழே வைத்துவிட்டுக் கழுத்தைத் துடைக்கிறார். திரும்பிக் கதவுக்குள் கையை நீட்டுகிறார். கை வெளியே வரும்போது அதில் ஒரு டம்ளர். அண்ணாந்து குடிக்கிறார். சிரித்துக்கொண்டே என்னமோ சொல்லி டம்ளரைத் திரும்ப நீட்டுகிறார். கை வெறுங்கையாக வருகிறது. வாங்கின கை எங்களுக்குத் தெரியவில்லை.

"திருப்பிப் போடு" என்றார் ராமையா சார். போட்டோம். மறுபடியும் போட்டோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார், அதற்கப்புறம் ஸ்டேஷன் பேச்சே எடுக்கவில்லை.

படத்தில் முருகேசன் வண்டி போன பிறகு ஒரு மணல் லாரி வாசலை மறைத்துக்கொண்டு போனது. அது நகர்ந்ததும் கேட் சாத்தியிருக்கிறது, பூட்டு தொங்குகிறது.

"கடைசியில சிரிச்சுக்கிட்டே என்னமோ சொன்னியே, என்னப்பா?" என்று முருகேசனிடம் கேட்டேன்.

"அக்கா எப்ப வருவாங்கன்னு கேட்டாங்க. அது ஒங்களுக்குத்தானங்க தெரியும்னு சிரிச்சேன்" என்றார்.

புகார் எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அடுத்த சிலிண்டருக்கும் நீயேதான் வரவேண்டும் என்றும் சொன்னேன். பூட்டை மாற்றினேன். காவ்யா லீவு முடியும்வரை ஜமீலா அக்கா வீட்டில்தான் படுத்தாள். எனக்கு என்னவோ பயத்தைவிட, யார் அது என்று தெரிந்துகொள்ளும் ஆசைதான் அதிகமாக இருந்தது. மனை விற்றவரைப் போய்ப் பார்த்தேன். பிளாட் போடுவதற்கு முன்னால் வெறும் கடலைக்காடு என்றார். வீடு இருந்ததில்லை, யாரும் செத்ததும் இல்லை. என் அம்மாவிடம் எனக்குக் கூடப்பிறந்தவள் யாரும் உண்டா என்றுகூடக் கேட்டுவிட்டேன். "கிறுக்குப் புடிச்சிருச்சா ஒனக்கு?" என்று திட்டு வாங்கினேன்.

அடுத்த தடவை முருகேசன் வந்தபோது நான் வீட்டில் இருந்தேன். சிலிண்டரை மாட்டிவிட்டு வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது இல்லக்கா. அன்னிக்குக் குடுத்தது பேர் வெட்டுன டம்ளரு. மல்லிகான்னு போட்டுருந்துச்சு."

எங்கள் வீட்டுப் பாத்திரத்தில் என் பெயர் இருக்கும், இல்லையென்றால் என் அம்மா பெயர். எங்கள் இரண்டு பேர் பெயரும் மல்லிகா இல்லை. அவர் போனதும் அலமாரியில் இருந்ததையெல்லாம் இறக்கினேன். பெரிய தூக்குவாளிக்குப் பின்னால் அது இருந்தது. மல்லிகா.

எங்கள் தெருவில் பாயசமும் பிரியாணியும் வீடு மாறிப் போகும்போது பாத்திரமும் மாறிப் போவது சகஜம்தான். போட்டோ எடுத்து, யாருடையது என்று குரூப்பில் போட்டேன். எங்களுடையது இல்லை என்றே எல்லோரும் பதில் போட்டார்கள். இன்றுவரை யாரும் கேட்டு வரவில்லை.

தூக்கிப் போட மனசு வரவில்லை, அலமாரியிலேயே தனியாக வைத்திருக்கிறேன். எங்கள் பக்கம் செம்மண் பூமி. ஜன்னலை அடைத்தே வைத்திருந்தாலும், காலையில் துடைத்த பாத்திரத்தில் சாயங்காலம் விரலை வைத்தால் தடம் விழும். அந்த டம்ளரை நான் கழுவுவதில்லை, தொடுவதுகூட இல்லை. அதில் மட்டும் தூசியே இருப்பதில்லை.