பெண் பார்க்கப் போய் நட்சத்திரம் பார்த்த கதை

நெய்யில் முந்திரி வறுபடும் மணம்… அன்று எங்கள் மலாக்காவின் காஜா பெராங் வட்டாரம் முழுக்க அதுதான். மலாக்கா கடலில் போன கப்பல்களே திசை மாறியிருக்கும்.

மெர்டேக்கா கிடைத்த அடுத்த மாதம். நாடு விடுதலை பெற்ற சூட்டோடு என் விடுதலையைப் பறிக்க, தாய்மாமா என்னைப் பெண் பார்க்க அழைத்துப் போயிருந்தார். பெண், ஆசிரியர் பயிற்சியில் இருந்தாள். நானோ பொதுப்பணி அலுவலகத்தில் கோப்பு எழுதும் கிராணி. அதாவது, நாட்டின் சாலைகள் எல்லாம் என் பேனா முனையில்தான் ஓடின.

கேசரித் தட்டோடு அவள் வரும் நேரம் பார்த்து மின்சாரம் போனது. புழுக்கம் தாங்காமல் எல்லாரும் வாசலுக்கு வந்தோம். அப்படி ஒரு வானம்… கீழே விளக்கே இல்லை, மேலே இடமே இல்லை.

வடக்கே, உற்றுப் பார்த்தால் மட்டும் தெரியும் ஒரு மங்கலான ஆரஞ்சுப் புள்ளி. என் அறிவைக் காட்ட அது போதாதா?

"தணல் மாதிரி கிடக்கு பாருங்க. வானத்துலயே இதுக்குத்தான் சூடு அதிகம்" என்று பெண்ணின் அப்பாவிடம் முழங்கினேன்.

கல்யாணத்துக்கு முன் பெண்ணும் மாப்பிள்ளையும் நேரே பேசிக்கொள்ளாத காலம். இரண்டு முழத் தூரத்தில் நின்றவள் அப்பாவிடம்தான் சொன்னாள்.

"அப்பா, பம்ப் அடுப்பு நீலமா எரிஞ்சா சூடா, ஆரஞ்சா எரிஞ்சா சூடான்னு அவங்கள கேளுங்க."

அவர் திரும்பி என்னைக் கேட்டார். "நீலந்தாங்க" என்று என் அறிவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

மாமா காதோரம் குனிந்தார். "வாய் நீளம். நமக்கு வேணாம்டா, கிளம்பு."

எனக்குக் கால் நகரவில்லை. பிறகு அது ஏன் இவ்வளவு மங்கல் என்று அவளிடம் கேட்கும்படி அவள் அப்பாவையே வேண்டினேன். சூரியனைவிடச் சின்னதாம், சூடும் குறைவாம். ஜப்பான்காரன் போன சமயத்தில் அங்கிருந்து கிளம்பிய வெளிச்சம் இப்போதுதான் நம் வாசலுக்கு வந்து சேர்கிறதாம்… பாவம் மனிதர், இருட்டில் எங்கள் நடுவே தந்திக் கம்பியாகவே மாறிவிட்டார்.

கடைசியில் அவள் குரல் தணிந்தது. "பெருசா, நீலமா எரியறதெல்லாம் சீக்கிரம் தீந்துடும்பா. இது அடங்கி எரியுது. ரொம்ப காலம் இருக்கும்."

மின்சாரம் திரும்புவதற்குள் சொல்லிவிட்டேன். "மாமா, தட்டு மாத்திக்கலாம்."

அவள் முகத்தைக்கூட நான் இன்னும் பார்த்திருக்கவில்லை.

இன்றும் காஜா பெராங்கில்தான் இருக்கிறோம். இங்கே இப்போது ராத்திரியும் பகல்தான். கடை விளக்குகளில் வானம் வெளுத்துக் கிடக்கிறது. எனக்கும் கண்ணுக்கொரு ஆபரேஷன்.

போன வாரம் வாசலில் நின்று, "தெரியுதா?" என்று வடக்கே கை நீட்டினாள்.

"பிரமாதமா தெரியுது."

"இன்னிக்கு மேகமுங்க" என்றாள்.

ஆனால் நீட்டிய கையை அவள் இறக்கவில்லை. நானும் பார்த்துக்கொண்டே நின்றேன்…