மாயவன் மாமா அளந்த வார்

என் தாய்மாமன் மாயவனுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது. தெரியாவிட்டாலும் ஒப்புக்கொள்ள மாட்டார். அரியலூர் ரயிலடியில் ஜட்கா ஓட்டியவர். டவுன் பஸ் வந்ததும் மற்ற வண்டிக்காரர்கள் குதிரையையும் வண்டியையும் சேர்த்தே விற்றுவிட்டு வேறு பிழைப்புத் தேடிப் போனார்கள். மாமா வண்டியை மட்டும் விற்றார். "வண்டி பழசாப் போச்சு, சரி. குதிரை எப்படிடி பழசாவும்?" என்று காத்தாயி அத்தையிடம் கேட்டாராம். அத்தை குதிரைக்குக் கொள்ளு ஊறப்போடப் போய்விட்டாள். அவரிடம் சொல்லிப் பிரயோசனம் இல்லை என்பது அவளுக்குக் கல்யாணமான வாரத்திலேயே தெரிந்துவிட்டது.

குதிரையின் பெயர் பவுனு. மாமா அதை மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு விட்டார். முதுகில் சரிகைத் துணி, நெற்றியில் குஞ்சம், காலில் சலங்கை என்று பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். ஒரே ஒரு கெட்ட பழக்கம். மேளச் சத்தம் கேட்டால் தலையை வெடுக்கென்று மேலே தூக்கும். பூலாம்பாடியில் ஒரு மாப்பிள்ளை யாருக்கோ குனிந்து கும்பிடு போட்ட நேரம் பார்த்துத் தூக்கியது. அவருடைய கல்யாணப் போட்டோ எல்லாவற்றிலும் மூக்கில் பஞ்சு இருக்கிறது.

"அவனை யாரு குனியச் சொன்னா?" என்றார் மாமா.

இந்த லட்சணத்தில் 1978-ல் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை ரஞ்சன்குடி அழகேசன், பம்புசெட்டு மெக்கானிக். அவருடைய அம்மா சிந்தாமணிக்குத் தன் அண்ணன் மகளை எடுக்க ஆசை. எங்கள் சம்பந்தத்தைக் கலைக்க ஒரு சாக்குக் கிடைக்காதா என்று காத்திருந்தாள். இது ஊருக்கே தெரியும். தெரிந்தும் மாமா, "தாய்மாமன் சீரா எங்குதிரைலதான் மாப்பிள்ளை வரணும்" என்று சபையில் சொல்லிவிட்டார். எங்கள் அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. மாப்பிள்ளையின் மூக்கு உடைந்தால் கல்யாணமும் உடைந்தது என்று எல்லாருக்கும் புரிந்தது, மாமாவைத் தவிர.

அவரிடம் ஒரு யோசனை இருந்தது. திருச்சியில் ஏதோ அணிவகுப்பில், கூட்டத்துக்குப் பின்னால் நின்று எக்கி எக்கிப் பார்த்திருக்கிறார். சவாரிக் குதிரைகளுக்கு வயிற்றுப் பட்டையிலிருந்து ஒரு தோல்வார் கிளம்பி, முன்னங்கால் இரண்டுக்கும் நடுவே வந்து, முகத்தில் போய் மாட்டியிருந்ததாம். "அதாம்மா தலையைத் தூக்க வுடாமப் புடிச்சு வெச்சிருக்கு" என்றார். ஜட்காவின் பழைய தோல்வாரை எடுத்துத் தானே தைக்க உட்கார்ந்தார்.

பவுனு சும்மா நிற்கவே நிற்காது. கொள்ளுச் சாக்கைத் தரையில் வைத்தால்தான் நிற்கும். மாமா சாக்கை வைத்தார். அது குனிந்து தின்றது. அவர் அளந்தார், வெட்டினார், தைத்தார். மேல் முனையை வாயில் கிடக்கும் கடிவாள இரும்பிலேயே மாட்டினார். அதுதான் கைக்கு வாகாக இருந்தது.

"கொஞ்சம் நீளமா வுடுங்களேன்" என்றாள் அத்தை.

"நீளமாத் தொங்குனா முன்னங்காலு மாட்டிக் கவுந்துடும். குதிரையப் பத்தி ஒனக்கு என்னா தெரியும்?"

அவர் சொன்னதிலும் பாதி நிஜம்தான். பாதி நிஜத்தை வைத்துக்கொண்டுதான் அவர் வாழ்க்கை முழுவதும் ஓட்டினார்.

மாப்பிள்ளை அழைப்பன்று சாயங்காலம் பிள்ளையார் கோயிலிலிருந்து ஊர்வலம் கிளம்பியது. கல்யாணப் பெண் எட்டிப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் எதிர்வீட்டு மொட்டை மாடியில் இருந்தேன். மேளம் கொட்டியதும் பவுனு தலையைத் தூக்கியது. குனிந்தபோது எடுத்த அளவு, நிமிர்ந்தால் விடுமா? வார் சுண்டி, வாயில் இரும்பு இழுத்தது. ரயிலடியில் அத்தனை வருஷமும் வாயை இழுத்தால் வண்டியைப் பின்னால் தள்ள வேண்டும் என்று பழகிய குதிரை அது. சமர்த்தாகப் பின்னால் போனது. மிரண்டு இன்னும் தூக்கியது, இன்னும் இழுத்தது, இன்னும் பின்னால் போனது. மேளக்காரர்கள் திரும்பிப் பார்க்காமல் எங்கள் வீட்டை நோக்கி வந்தார்கள். மாப்பிள்ளை கோயிலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். சீர்த்தட்டோடு பின்னால் வந்த பெண்கள் சிதறி ஓடினார்கள்.

"ஊர்வலம்னா முன்னப் பின்னத்தான் இருக்கும்!" என்று மாமா கத்தினார்.

சிந்தாமணி பிடித்துக்கொண்டாள். "வாயில்லாத சீவனுக்கே இந்தச் சம்பந்தம் புடிக்கல. எறங்குடா அழகேசா, ஊருக்குப் போவலாம்."

எங்கள் அப்பா நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டார். மாமாவோ அசரவில்லை. குதிரையை அப்படியே திருப்பி நிறுத்தினார். இப்போது பின்னால் போனால் எங்கள் வீட்டுக்குத்தானே வர வேண்டும்! வந்தது. மாப்பிள்ளை எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கோயிலைப் பார்த்துக் கும்பிட்டபடி, நான் நின்ற மாடிக்கு நேர் கீழே வந்து சேர்ந்தார். தெருவே சிரித்தது. சிந்தாமணி சிரிக்கவில்லை.

"எம்புள்ள முதுகக் காட்டிக்கிட்டா மாமனார் வூட்டுக்குப் போவணும்?"

அத்தைக்குப் பொறுக்கவில்லை. "குனிஞ்சு திங்கயில அளந்தீங்களே, நிமிந்தா நெறிக்காதா? அவுருங்க!"

"அளவெல்லாம் சரியாத்தான் இருக்கு. அவுத்தா மூக்கு போயிடும்டி!"

அப்போதுதான் குதிரைமேல் இருந்த மாப்பிள்ளை மாமாவைப் பார்த்து வாயைத் திறந்தார். பெண்ணின் தாய்மாமன் அவருக்குப் பெரியப்பா முறை. "பெரியப்பா, அவுத்துடுங்க. மூக்கு ஒடஞ்சாலும் தாலி கட்டலாம். இப்படிப் பின்னாடியே போயிட்டிருந்தா கட்ட முடியாது."

மாமா வாரில் கை வைத்தார். பிறகு, தன் ஆயுளில் முதல் தடவையாக, பெண்டாட்டியைப் பார்த்து, "எவ்வளவு வுடலாங்கற?" என்று கேட்டார்.

மேளத்தை நிறுத்தினார்கள். பவுனு மூச்சு வாங்கி, தலையை அதன் இயல்பில் வைத்து நின்றது. மாமா வாரைக் கடிவாள இரும்பிலிருந்து கழற்றி, குதிரையின் வாயை இழுக்காதபடி அதன் மூக்கைச் சுற்றிய பட்டையில் மாட்டினார். நீளம் போதவில்லை. சட்டென்று இடுப்பிலிருந்த பச்சை பெல்ட்டை உருவி ஒட்டுப் போட்டார். வாரை மேலே தள்ளிப் பார்த்தால் குதிரையின் தொண்டைக் குழி வரை எட்டியது. அத்தை, "போதும்" என்றாள். கீழே தொங்கிக் காலில் மாட்டாதபடி, கை நுழையும் அளவுக்குத் தளர்வாகக் கழுத்தைச் சுற்றி ஒரு பட்டை போட்டு அதில் கோத்துவிட்டார்.

குதிரையை எங்கள் வீட்டு வாசலைப் பார்த்துத் திருப்பி நிறுத்தியதும் மேளம் மறுபடி கொட்டியது. பவுனு தலையைத் தூக்கியது. மாப்பிள்ளை கண்ணை இறுக மூடிக்கொண்டார், ஆனால் இறங்கவில்லை. தலை அவருடைய மூக்குக்கு ஒரு சாண் கீழே நின்றது. குதிரை முன்னால் நடந்தது. பெல்ட் இல்லாத மாமா ஒரு கையில் கடிவாளமும் மறு கையில் அவிழும் வேட்டியுமாகக் கூடவே நடந்தார். நிமிர்ந்து பார்த்தவர் என்னைக் கண்டுவிட்டார்.

"கல்யாணப் பொண்ணு அங்க என்னா பண்ற? உள்ளார போ!"

"மாப்பிள்ளையப் பாத்துட்டுப் போறேன் மாமா!"

கண்ணை மூடியிருந்தவர் அப்போது திறந்து என்னைப் பார்த்தார். அதுவரை இந்தக் கல்யாணத்துக்கு அப்பா சரி சொல்லியிருந்தார், சித்தப்பா, பெரியப்பா எல்லாரும் சொல்லியிருந்தார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. அந்த மாடியில் நின்றுதான் நான் சரி சொன்னேன்.