காளியாயிக்கு மாதம் ஓர் அட்டை

நானும் அப்பாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, கணினிக்குத் தகவல் ஏற்றும் துளை அட்டைகளைக் காயவைத்தது. 1988, ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஹட்டன் அலுவலகம். கொழும்பிலிருந்து லீவில் வந்திருந்தேன். மழை ஈரத்தில் அட்டைகள் உப்பியிருந்தன. உப்பிய அட்டை கணினியில் சிக்கும் என்பதால் மேசை விளக்கின் கீழே விரித்தோம். காய்ந்ததை அவர் தட்டிச் சமன் செய்தார், நான் றப்பர் வளையம் போட்டுப் பெட்டியில் அடுக்கினேன். நான் கணினிக்கு நிரல் எழுதிச் சம்பாதிக்கிறவள். உலகம் துளை அட்டையை மறந்துவிட்ட அந்த வருடத்தில் அதை விளக்கில் வாட்டியதற்கு எனக்குச் சிரிப்புக்கூட வரவில்லை.

"காளியாயி அட்டைய மட்டும் திங்கக்கெழம அடிச்சுக்கிறேன். வெரல் மரத்துப்போச்சு," என்றார். வெற்று அட்டை ஒன்றைத் துளையிடும் மிஷினில் செருகிவிட்டு எழுந்தார்.

அப்பா பெயர் கஸ்பர். தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவர். தோட்டங்களை அரசு எடுத்த கையோடு கொழும்புத் தலைமை அலுவலகத்துக்குப் பெரிய கணினி ஒன்று வந்தது. ஹட்டனில் அப்பா தொழிலாளர் விவரங்களைத் துளைகளாக அட்டையில் அடித்தார். மாதம் ஒரு பெட்டி ரயிலில் கொழும்புக்குப் போனது. கணினி ஆட்களின் பெயர்களை அச்சிட்டுத் தோட்டத்துக்கு அனுப்பியது. அதில் பெயர் இருந்தால்தான் காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும்போது, வேலை கிடைக்கும். ஒரு மாதம் பெயர் இல்லாவிட்டால் குடியிருக்கும் ஒற்றை அறை, லயக் காம்பரா, வேறு குடும்பத்துக்குப் போய்விடும்.

இந்த மகத்தான ஏற்பாட்டைச் செய்த மேதைகள் குடும்பத்துக்கு ஓர் எண் கொடுத்தார்கள். எண் புருஷனுடையது. பெண்ணுக்குத் தனி எண் கேட்டால் நிரல் ஏற்காது. 1977இல் காளியாயியின் புருஷன் அழகன் இரு நாட்டு ஒப்பந்தப்படி இந்தியாவுக்குக் கப்பல் ஏறினான். அவளுக்கு இங்கே பிரஜாவுரிமை இருந்தது. போகமாட்டேன் என்று நின்றுவிட்டாள். கணினி அவன் எண்ணை அழித்து இருவரையும் சேர்த்தே அனுப்பிவைத்தது.

அப்பா பிறந்த லயத்தில் பக்கத்துக் காம்பராக்காரி அவள். நேராக அலுவலகத்துக்கு வந்தாள். அந்தப் பேச்சை அப்பா எத்தனையோ தடவை சொல்லிச் சிரித்திருக்கிறார்.

"கப்பலேறுனது அவன், கஸ்பரு. நான் இந்தா நிக்கிறேன். ஒங்க மிஷினுக்குக் கண்ணு இல்லியா?"

"அது நம்பரத்தான் பாக்கும், அக்கா."

"அப்ப அது தொரை பெத்த புள்ளதான். அவருக்கும் எங்க மூஞ்சி தெரியாது."

புதிதாகச் சேர்ந்தவர்களிடம் முதல் மாதம் மட்டும் கணினி எண் கேட்காது. மாதாமாதம் கணினி அவளை நீக்கியது. மாதாமாதம் அப்பா அவளைப் புதிதாகச் சேர்ந்தவள் என்று ஓர் அட்டை அடித்து உள்ளே விட்டார். ஐம்பது தாண்டிய பிறகும் அவள் புதிதாகச் சேர்ந்துகொண்டே இருந்தாள்.

அப்பாவுக்கு இதில் பெருமை. எனக்கு எரிச்சல். அவர் ஒட்டுப் போட்டுக்கொண்டே இருந்ததால் திருத்த வேண்டியவர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

"மேல எழுதிப் போடுங்கப்பா."

"எழுதினா மிஷினக் கொற சொன்ன மாதிரி ஆயிரும்மா."

கணினி மாறாமல் இல்லை. காந்த நாடா வந்தது, பிறகு தட்டு வந்தது. உருவம் சிறுத்தது, விலை பெருத்தது. 1985இல் வந்த புதிய இயந்திரத்துக்குள், பழையதைப் போல நடிப்பதற்கென்றே ஒரு நிரல் வைத்திருந்தார்கள்; அதனால் அட்டையும் தப்பியது. விற்றவர் கழுத்துப்பட்டியோடு ஹட்டனுக்கே வந்தார். "இன்னைக்கு ஓடுறது இன்னும் முப்பது வருஷத்துக்கு மாறாம ஓடும். அதுக்கு நாங்க பொறுப்பு." எல்லோரும் கைதட்டினார்கள். அப்பாவும் தட்டினார். என்ன ஓடும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

நான் தலைமை அலுவலகத்தில் கேட்டேன். மூல நிரலைக் கொடுங்கள், சில வரிகளை மாற்றினால் போதும் என்றேன். எழுதியவர் கனடாவில் இருக்கிறாராம். மூலப் பிரதி எங்கேயென்று யாருக்கும் தெரியாதாம். ஓடும் வடிவம் மட்டும் மிச்சம். திறந்து பார்க்கத் தெரியாத அதைத்தான் இயந்திரத்திலிருந்து இயந்திரத்துக்குத் தூக்கிப் போகிறார்கள். அதற்கு எதிர்காலம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

அட்டை காயவைத்த மறுநாள், ஞாயிறு பூசை முடிந்து வந்த அப்பா நாற்காலியில் சாய்ந்தார். மாரடைப்பு. டாக்டர் வருவதற்குள் முடிந்துவிட்டது.

திங்கட்கிழமை அடக்கம். அலுவலகப் பொறுப்பாளர் மரியரட்ணம் ஆட்களோடு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கொழும்புக்கு அட்டைங்க பெட்டி புதன்கெழமதான் போகணும். எல்லாரும் அடக்கத்துக்கு வரணுமேன்னு காலை ரயில்லயே அனுப்பிட்டு ஆபீச மூடிட்டேன், மகள். ஒங்க அப்பாவுக்கு நாங்க செய்யிற மரியாதை."

நன்றி சொன்னேன்.

காளியாயி கொழுந்துச் சாக்கை இடுப்பிலிருந்து அவிழ்க்காமலே மலையிலிருந்து வந்திருந்தாள். கல்லறையில் மண் போட்டுவிட்டு என் அருகே வந்து நின்றாள். கேட்கத் தயங்கி, கேட்டாள்.

"யம்மா, இந்த மாசத்து அட்டைய அப்பா அடிச்சிட்டாரா?"

மரியரட்ணத்திடம் சாவி வாங்கி அலுவலகத்தைத் திறந்தேன். வெற்று அட்டை மிஷினிலேயே இருந்தது. ஈரத்தில் ஒரு மூலை சுருண்டிருந்தது.